சிங்கம் எங்கே என்று கேட்பது எப்படி

ஜூன் 3, திங்கள்

ஓய்வு பெற்று இன்றோடு மூன்று நாள். முப்பத்து நான்கு வருடம் கால்நடை ஆய்வாளர் வேலை. தினமும் எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டேன், எந்த ஊருக்குப் போனேன் என்று எழுதி அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் இன்றும் நோட்டைத் திறந்துவிட்டேன். எழுத மாடு இல்லை. காலையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டேன். மோட்டார் சுவிட்ச் பெட்டியில் பல்லி செத்துக் கிடந்தது, எடுத்துப் போட்டேன். அவ்வளவுதான் கள விவரம்.

மத்தியானம் சாப்பிடும்போது கமலவேணி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ஜூலை பதினொண்ணாந் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சுங்க. தான்சானியாவுக்கு."

"எதுக்கு?"

"நீங்கதான் டிவியில சிங்கம் வந்தா சாப்பாட்டத் தட்டோட மறந்துபோட்டு உக்காந்திருப்பீங்களே. நேர்லயே பாத்துட்டு வருவோம். ஏழு நாளு சஃபாரி."

அந்த நாட்டில் எங்கள் மகள் கோகிலவாணி இருக்கிறாள். அருஷா என்ற ஊரில் பால் பண்ணை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கேயே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் அவளிடம் பேசி ஐந்து வருடம் ஆகிறது. இதெல்லாம் கமலவேணிக்குத் தெரியாததல்ல.

"இதபாரு அம்மிணி, நான் வர்றது சிங்கம் பாக்க. வேற ஒருத்தரையும் பாக்க வரலை. இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றேன்.

"சரிங்க. சிங்கத்தையே பாருங்க" என்று அப்பளத்தை வைத்தாள்.

ஜூன் 4

போகிற ஊரில் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும். வாயில்லா ஜீவனோடு மட்டும்தான் பேச்சில்லாமல் காலம் தள்ள முடியும். நாமக்கல்லில் மூன்று புத்தகக் கடை ஏறி இறங்கினேன். முப்பது நாளில் இந்தி இருக்கிறது, ஜெர்மன் இருக்கிறது. சுவாஹிலி என்றதும் கடைக்காரர் அது சமையல் குறிப்பா என்றார்.

ஜூன் 7, வெள்ளி

வாத்தியார் கிடைத்துவிட்டார். அடுத்த தெருவில் மாடி அறை எடுத்துத் தங்கியிருக்கும் ரெஹேமா என்ற பெண். பார்மசி படிக்கிறாள், கடைசி வருடம். சொந்த ஊர் தான்சானியாவில் மோஷி. நான்கு வருடம் இங்கே இருந்து உழவர் சந்தையில் பேரம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டாளாம். கமலவேணியை விட நன்றாக 'ஏனுங்க' போடுகிறாள். கட்டணம் எவ்வளவு என்றதற்கு, வெள்ளியும் செவ்வாயும் சாயங்காலம் வருவேன், அரிசிம்பருப்புச் சாதம் போட்டால் போதும் என்றாள். கமலவேணிக்கு வாயெல்லாம் பல்.

"மொதல்ல என்ன வேணுமுங்க சார்?"

"சிங்கம் எங்கேன்னு கேக்கோணும்."

"சிம்பா யூக்கோ வாப்பி. ஆனா சார், சிங்கம் எங்கன்னு டிரைவரே காட்டுவாருங்க. நீங்க மொதல்ல விசாரிக்கப் பழகோணும். எங்கூர்ல விசாரிக்காம சோலியப் பேசுனா, அவுத்து உட்ட காளையாட்டம் வந்து நிக்கறான்னு நெனப்பாங்க."

விசாரிப்பது என்றால் லேசுப்பட்ட விசாரிப்பு இல்லை. காலை எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 'ந்ஸூரி', அதாவது நல்லது என்று சொல்ல வேண்டும். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் ந்ஸூரி சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கேட்க வேண்டுமாம். நம் பக்கத்து ஆட்கள்தான் போலிருக்கிறது.

ஜூன் 10

காலையில் முற்றத்தில் நின்று, நலமா என்பதற்கான 'ஹபாரி'யைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். அடுப்படியில் இருந்து 'ந்ஸூரி சானா' என்று பதில் வந்தது. கமலவேணி. உச்சரிப்பு என்னுடையதை விடச் சுத்தம். ரெஹேமா சொல்லும்போது காதில் விழுந்திருக்கும். 'சானா' என்றால் ரொம்பவாம். அதை ரெஹேமா இன்னும் நடத்தவே இல்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்றைய பாடம்: ஷிக்கமோ. பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் சொல்ல வேண்டியது. உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தமாம். பெரியவர்கள் பதிலுக்கு மரஹபா என்பார்கள். காலில் விழ இடுப்பு ஒத்துழைக்காத காலத்தில் வாயாலேயே விழுந்துவிடலாம். நல்ல ஏற்பாடு.

பிறகு, சின்னப் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று எப்படிக் கேட்பது என்று கேட்டேன்.

"ஊமெகூலா. யாருகிட்டங்க சார் கேக்கப் போறீங்க?"

"ஓட்டல்ல சின்னக் கொழந்தைக இருக்காதா?"

"இருக்குமுங்க சார்."

மூன்று வயது இரண்டு மாதம் ஆன பிள்ளை எவ்வளவு பேசும், அதற்குக் கொலுசு எந்த அளவு சரியாக இருக்கும் என்றும் கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன். ரெஹேமா கமலவேணியைப் பார்த்தாள். கமலவேணி சோற்றுச் சட்டியைப் பார்த்தாள்.

ஜூன் 19, புதன்

இன்று ஒரு தப்பு நடந்துவிட்டது.

கமலவேணி பின்வாசல் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமாக மகளோடு அங்கேதான் பேசுவாள். நான் வீட்டுக்குள் இருந்தால் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. கேட்கத்தான் செய்யும். நானும் அந்த நேரத்துக்கு ஜன்னல் ஓரம் பேப்பர் படிப்பது வழக்கம்.

இன்று போனில் குழந்தை மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது. "என்னடா தங்கம், என்ன சாமி சொல்றே" என்று இவள் கேட்க, அது ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. நீனா ந்ஜா. நீனா ந்ஜா. பகல் முழுவதும் அப்பனைப் பெற்றவள் கையில் வளர்வதால் அதற்கு அந்தப் பேச்சுத்தான் வருமாம். இவளுக்குப் புரியவில்லை. "பூனையா? நாயா? வண்டியா?" என்று இவள் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அது அழ ஆரம்பித்துவிட்டது.

"பசிக்குதுங்குது. அவளக் கூப்புட்டு ஏதாச்சும் குடுக்கச் சொல்லு" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டேன்.

கமலவேணி அப்படியே திரும்பினாள். போனில் குழந்தையின் அழுகை நின்றது. அம்மாக்காரி வந்து தூக்கியிருப்பாள். பிறகு, "அது யாரும்மா, அப்பாவா?" என்று மட்டும் கேட்டது. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். கொட்டகையில் மாடு இல்லை, விற்று ஒரு வருடம் ஆகிறது. சும்மா நின்றேன்.

ஜூன் 21, வெள்ளி

இன்று பாடம் பாதியில் நின்றது. நிறுத்தியது நான்தான்.

உறவு முறைச் சொற்கள் நடந்துகொண்டிருந்தன. ரெஹேமா தன் அக்கா கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், "மாப்பள வீட்டுல எங்கப்பாவுக்கு ஆறு மாடு மஹரி குடுத்தாங்க சார்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இன்னைக்குப் போதும் என்று எழுந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கோகிலவாணி போன் செய்தாள். பராக்கா என்று ஒருவனைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்துவிட்டு, சரி, பையனை அழைத்து வா, பார்க்கலாம் என்கிற அளவுக்கு இறங்கியும் வந்திருந்தேன். அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அவங்க வீட்டுப் பெரியவங்க கேக்கச் சொன்னாங்க. பொண்ணோட அப்பாவுக்கு எத்தன மாடு வேணும்னு."

நான் பாதி வாழ்க்கை மாட்டுச் சந்தையில் நின்றவன். பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் தினம் பார்த்தவன். "எம்பொண்ணுக்குப் பல்லுப் புடிச்சுப் பாத்தாங்களா? நான் சந்தையில கட்டி வெச்சிருக்கறனா உன்ன?" என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். இனிமேல் எனக்குப் பொண்ணு இல்லை என்று போனை வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கமலவேணியையும் விடவில்லை.

ரெஹேமா போனதும் கமலவேணி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மாப்பிள்ளைக்குக் காரு, புள்ளைக்கு அறுவது பவுனுன்னு நீங்க காலேசு சேத்துன நாள்ல இருந்து சேத்தீங்க. நாம காரு குடுத்தா அது சீரு. அவங்க மாடு குடுத்தா அது வெலையா?"

இதற்குப் பதில் இருக்கிறது. யோசித்துச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 22

பதில் வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

ரெஹேமா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். சாப்பிட்டுவிட்டு, நோட்டைத் திறக்காமல் பேசினாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஆன்ட்டி எல்லாஞ் சொன்னாங்க. மஹரி வெல இல்லீங்க சார். எங்க பக்கம் பொண்ணப் பெத்தவரு கையில அத வாங்கிக்கிட்டேன்னு சொன்னாத்தான் அந்தப் பொண்ணு அந்த வீட்டு ஆளு. அதுவரைக்கும் சட்டப்படி கல்யாணம் முடிஞ்சிருக்கும், சர்ச்சில மோதிரம் மாத்தியிருப்பாங்க, ஆனாலும் ஊர்ல பெரியவங்களுக்கு அவ விருந்தாளி மாதிரிதான். உங்க சம்பந்தியம்மாவுக்கும் தலைக்குனிவு. பொண்ணோட அப்பன் மதிக்கலைன்னு பேசுவாங்க."

"அஞ்சு வருசமாவா?"

"நீங்க வாங்கற வரைக்குமுங்க."

நான் கோபத்தில் போனை வைத்த அடி பராக்காவுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அது எங்கே போய் விழுந்திருக்கிறது என்று இன்றுதான் தெரிகிறது. அந்த வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அவள் எந்தப் பக்கம் உட்காருவாள்? இத்தனை நாள் கமலவேணியும் இதைச் சொல்லவில்லை. சொல்ல நான் விட்டால்தானே.

ரெஹேமாவிடம் மாடு, பால், கன்று மூன்றுக்கும் வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டேன். ஙோம்பே, மஸீவா, ந்தாமா.

ஜூலை 1

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ள சென்னை போனோம். அது இல்லாமல் அந்த நாட்டுக்குப் போகக் கூடாதாம். இரண்டு லட்சம் மாட்டுக்காவது ஊசி போட்டிருப்பேன். நர்ஸ் ஊசியை எடுத்ததும் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கமலவேணி என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். நர்ஸம்மா இதுவரை அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

ஜூலை 5

கமலவேணி பெட்டி கட்டுகிறாள். பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், இரண்டு கிலோ கருப்பட்டி, காட்டன் சேலை நான்கு.

"இதெல்லாம் சிங்கத்துக்கா?" என்றேன்.

"ஆமாங்க. சுண்டக்கா வத்தல்னா உசுரையே குடுக்கும்."

நான் சவரப் பையை மட்டும் என் கையாலேயே கட்டிக்கொண்டேன். அதில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு இருக்கிறது. கடைவீதிப் பக்கம் போனேன், வாங்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

கடைசிப் பாடம். ரெஹேமா பரீட்சை வைத்தாள். அறுபத்து மூன்று வாக்கியத்தில் ஐம்பத்தெட்டு சரி. கமலவேணிக்கு அறுபத்து மூன்றும் சரி. அவள் பாடத்துக்கு உட்கார்ந்ததே இல்லை.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று கேட்டேன். அதற்கு மூன்று வார்த்தையாம். தெரியாமல் காலை மிதித்தால் ஒன்று, அடுத்தவருக்கு வந்த கஷ்டத்துக்கு ஒன்று, நாமே செய்த தப்புக்கு ஒன்று. எது வேண்டும் என்றாள். மூன்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

ஜூலை 12, வெள்ளி

வந்து சேர்ந்தோம். இரண்டு விமானம் மாறியதில் முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை.

விமான நிலையத்தில் முத்திரை குத்தும் அதிகாரிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் படபடப்பில் கையைக் கூப்பி 'ஷிக்கமோ' என்றுவிட்டேன். மகன் வயதுப் பையனைப் பார்த்துக் காலைப் பிடிக்கிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவன் பதறி எழுந்து நின்று, எனக்கு இரண்டு தரம் ஷிக்கமோ சொன்னான். பக்கத்துக் கூண்டுக்காரர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

வெளியே டிரைவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டையில் 'வையாபுரி' என்று என் பெயர் தமிழில் எழுதியிருந்தது. வை-யின் கொம்பைப் பெரிதாகச் சுழித்து எழுதிய கையெழுத்து. கம்பெனியில் தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். டிரைவருக்கு முப்பத்தைந்து வயது, நல்ல உயரம், கறுத்த உறுதியான உடம்பு, முன்பற்களில் சின்ன இடைவெளி. குனிந்து, "ஷிக்கமோ, பாபா" என்றார். மரஹபா என்றேன். பெயர் கேட்டேன். பராக்கா என்றார்.

இந்த நாட்டில் அந்தப் பெயர் நம் ஊரில் பழனிச்சாமி மாதிரியாம். தடுக்கி விழுந்தால் ஒரு பராக்கா மேல்தான் விழ வேண்டும் என்று கமலவேணி சொல்கிறாள். இருக்கும்.

ஜூலை 13, சனி

தாரங்கிரே என்ற காட்டுக்குப் போனோம். யானை மட்டும் நூறு இருக்கும். காட்டெருமை பார்த்தேன், நல்ல கொம்பு, பராமரிப்பு போதாது. பதினொரு மணிக்கு ஒரு மரத்தடியில் சிங்கம். ஆண் சிங்கம்தான். படுத்திருந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். ஒரு தரம் கொட்டாவி விட்டது, ஒரு தரம் புரண்டு படுத்தது. நான் 'சிம்பா யூக்கோ வாப்பி' என்று கேட்பதற்கே வாய்ப்பு வரவில்லை.

"சிங்கந்தான் பாத்தாச்சுங்களே. இனி என்னுங்க பண்றது?" என்றாள் கமலவேணி.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

திரும்பும் வழியில் ரோட்டை மறித்துக்கொண்டு மாட்டு மந்தை. ஒரு பசு பின்னங்காலை ஊன்றாமல் போனது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் பராக்காவும் அதே காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கினோம். மாட்டுக்காரரிடம் அவர் வீடு எப்படி, மழை எப்படி என்று முறையாக விசாரித்தார், நானும் கூடவே எல்லாவற்றையும் விசாரித்தேன். குளம்புக்கு நடுவில் முழு நீளத்துக்கு ஒரு கருவேல முள். டிரைவர் வண்டியில் இருந்த குறட்டை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, நான் சொல்லாமலேயே காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். "போலே போலே" என்று மாட்டுக்கா எனக்கா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். முள் வந்துவிட்டது.

மாட்டின் காலை அப்படிப் பிடிக்கத் தெரிந்தவன் கெட்டவனாக இருக்க மாட்டான். இதை நான் பல வருட அனுபவத்தில், பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஏரிக்கரையில் மத்தியானச் சாப்பாடு. பராக்கா தன் டப்பாவைத் திறந்தார். அரிசிம்பருப்புச் சாதம். மேலே நெய்கூட ஊற்றியிருந்தது. நானும் பார்த்தேன், கமலவேணியும் பார்த்தாள், அவரும் நாங்கள் பார்த்ததைப் பார்த்தார். கொஞ்சம் போல என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

கை கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அம்மா உங்களை வீட்டுக்கு வரச் சொன்னார்கள், நாளைக்கு என்றார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

மூன்று நாளாக மூன்று பேரும் நடத்திய நாடகம் போதும் என்று எனக்கே தோன்றியது. "ந்தீயோ. கேஷோ" என்றேன். சரி, நாளைக்கு.

கமலவேணி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். தூசியாம். இங்கே தூசி அதிகம்தான்.

ஜூலை 15, திங்கள்

மேரு மலைச் சரிவில் வீடு. சுற்றிலும் வாழை, நடுவில் காப்பிச் செடி, ஓட்டுக் கூரைக்குப் பதில் தகரம். வாசலில் இரண்டு பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பராக்காவின் அப்பா இறந்து பல வருடம் ஆயிற்றாம், அவருடைய அண்ணன் தம்பிகள். பராக்காவின் அம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இந்த முறை சரியான ஆளுக்குச் சரியாக ஷிக்கமோ சொன்னேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மரஹபா சொன்னார்.

கோகிலவாணி கதவோரம் நின்றாள். இளைத்திருக்கிறாள். முகத்தில் என் அம்மாவின் சாயல் வந்திருக்கிறது. கமலவேணி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் செருப்பைக் கழற்ற வேண்டியதற்கு மேல் நேரம் எடுத்துக் கழற்றினேன். நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்த்து, "கரிபு" என்றாள். அந்த ஊர்ப் பேச்சில் வாங்க என்று. எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னாள். 'அப்பா' என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு வேண்டியதுதான் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பேத்தி நூரு வந்து எதிரில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'ஊமெகூலா' என்றேன். கேட்டதுதான் தாமதம், கையை ஆட்டி ஆட்டிக் கால் மணி நேரம் பதில் சொன்னாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நாற்பது நாளும் கேள்வியாகவே படித்திருக்கிறேன், பதில் ஒன்றுகூடப் படிக்கவில்லை. கொலுசை எடுத்துக் காலில் போட்டேன். குதித்துக்கொண்டே என் விரலைப் பிடித்து இழுத்தாள். பின்பக்கம் கொட்டகை.

பதினொரு மாடு. கழுவிவிட்டுச் சுத்தமாக நிறுத்தியிருந்தார்கள். நூரு ஒவ்வொன்றாகக் கையைக் காட்டினாள்.

"காரி. செவல. மயில. புள்ள."

சுத்தமான நம் ஊர் மாட்டுப் பெயர், நிறத்துக்குத் தகுந்த மாதிரி. ஆப்பிரிக்கா மாட்டுக்கு இந்தப் பெயரை வைக்க இந்த நாட்டிலேயே ஒருத்திதான் இருக்கிறாள். சின்ன வயதில் என் மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டு ஊர் ஊராகத் தடுப்பூசிக்கு வந்தவள்.

எல்லோரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா மாடுகளுக்கு நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். மொழிபெயர்க்க வேண்டிய கோகிலவாணி வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பராக்காதான் எனக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னார்.

பெண்ணின் அப்பாவுக்கென்று ஐந்து வருடத்துக்கு முன்னால் நான்கு கிடேரி ஒதுக்கினோம். நீங்கள் வாங்கவில்லை. ஒரு தகப்பனுக்கென்று ஒதுக்கியதை விற்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. அதனால் வளர்த்தோம். அது ஈன்று பதினொன்றாகிவிட்டது. ஒரு தப்பு மட்டும் செய்தோம். பாலை எடுத்துக்கொண்டோம். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அதற்கு நீங்கள் மன்னிக்க வேண்டும்.

அந்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என் பேத்திக்குப் பால் கொடுத்ததற்கு.

யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கை தானாக மாட்டிடம் போனது. காரியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன், செவலையின் மடியைத் தொட்டுப் பார்த்தேன். பதினொன்றையும் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு குறை இல்லை. ஒரு உண்ணி இல்லை. நான் தலைமுழுகிய மனுஷர்கள் எனக்காக ஐந்து வருடம் சாணி அள்ளியிருக்கிறார்கள். நான் அவமானம் என்று நினைத்தேன். அவர்கள் மரியாதையைக் கட்டிப்போட்டுத் தீனி போட்டிருக்கிறார்கள்.

திரும்பினால், பெரியவர்கள் இரண்டு பேரும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மா காத்திருக்கிறார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சட்டைப் பையில் இருந்த நோட்டில் அறுபத்து மூன்று வாக்கியம் இருந்தது, அது மட்டும் இல்லை. இங்கிலீஷில் பராக்காவிடம் சொல்லியிருக்கலாம். அவரும் அதற்குத்தான் என் வாயைப் பார்த்தார்.

நான் வாழை மரத்துப் பக்கம் திரும்பினேன்.

"கண்ணு, வாங்கிக்கிட்டேன்னு இவங்க பேச்சுல எப்புடிச் சொல்றது?"

அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஆடியது.

"நிமெபொக்கேயா" என்றாள் வாழை மரத்திடம்.

"நிமெ... என்ன கண்ணு?"

அப்போதுதான் திரும்பினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அவசரப்படாதீங்கப்பா. நி. மெ. பொக். கேயா."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு தரம் தப்பாகச் சொல்லி, மூன்றாவது தரம் சரியாக வந்தது. சம்பந்தியம்மா நாக்கை உருட்டி ஒரு குலவை போட்டார் பாருங்கள், வேலிக்கு அப்பால் இருந்த வீடுகளில் இருந்தெல்லாம் பதில் குலவை வந்தது. கமலவேணியும் போட்டாள். அவள் அதையும் எங்கேயோ கற்றிருக்கிறாள். பெரியவர்களில் ஒருவர் கோகிலவாணியின் கையைப் பிடித்து அழைத்துப் போய் சம்பந்தியம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று செரெங்கெட்டி போக வேண்டிய நாள். கமலவேணி, மாப்பிள்ளை, பேத்தி, சம்பந்தியம்மா நான்கு பேரும் போயிருக்கிறார்கள். சம்பந்தியம்மா இத்தனை வயதில் சிங்கமே பார்த்ததில்லையாம். நான் போகவில்லை. மாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து ஆறு மாதம் ஆகிறது, விட்டால் சரிவராது. கோகிலவாணி லீவு போட்டாள்.

அவள் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடிக்க, நான் பாட்டிலைச் சாய்த்தேன். நன்றாகப் பிடிக்கிறாள். முதல் ஆறு மாட்டுக்கும் மாட்டுப் பேச்சுத்தான். எது எப்போது ஈன்றது, எது உதைக்கும். ஏழாவது மாட்டுக்கு மருந்தை ஊற்றிவிட்டு நான் அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏம்ப்பா அன்னைக்குப் போன வெச்சீங்க? நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள."

ரெஹேமா எழுதிக் கொடுத்த மூன்று வார்த்தையும் தெரியும். அதில் எதுவும் வாயில் வரவில்லை.

"நான் தப்புப் பண்ணீட்டேன் கண்ணு."

அவள் கயிற்றை அவிழ்த்து மாட்டை விட்டாள். கையில் இருந்த சாணியைப் புல்லில் தேய்த்தாள்.

"ஆமாப்பா. பண்ணீட்டீங்க" என்றாள்.

பிறகு போய் எட்டாவது மாட்டைப் பிடித்து வந்தாள்.